பீடியை விட வேண்டும் என்ற எண்ணம் சிலருக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? கட்டட வேலைத்தளத்திலிருந்து ஒரு கேள்வி

தளப்பொறுப்பாளர்_கோவை:

வணக்கம். கோவைக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் கட்டட வேலையில் பாதுகாப்பு மேற்பார்வை என் பொறுப்பில் இருக்கிறது. கொத்தனார், கம்பி கட்டுபவர், பெரியாள், சித்தாள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து சென்ட்ரிங் வேலை பார்ப்பவர்கள் என நாளொன்றுக்கு 60 பேர் வரை வருகிறார்கள். ஆண்களில் பாதிப் பேருக்கு மேல் பீடியோ, ஹான்ஸ் என்னும் மெல்லும் புகையிலைப் பொட்டலமோ, சுண்ணாம்பு சேர்த்து உள்ளங்கையில் தேய்த்து உதட்டுக்குள் அடக்கும் கைனியோ வைத்திருக்கிறார்கள்.

மே 31 அன்று, புகையிலை எதிர்ப்பு நாளுக்காக, நிர்வாகம் சொன்னபடி அவர்களை நிழலில் உட்கார வைத்து, நுரையீரல் படங்களைக் காட்டி அரைமணி நேரம் பேசினேன். எல்லோரும் தலையாட்டினார்கள், கூட்டம் கலைந்ததும் பின்பக்கச் சுவரோரம் போய்ப் பற்றவைத்துக்கொண்டார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்து, நான் ஒன்றும் சொல்லாமலே, கம்பி கட்டும் குழுவில் இருவர் பீடியை நிறுத்திவிட்டார்கள், இன்றுவரை தொடவில்லை. காரணம் கேட்டால் சிரிக்கிறார்கள்.

கேடு தெரியாததால் பிடிக்கிறார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. கட்டின் மேல் 85 விழுக்காட்டுப் பரப்பில் புற்றுநோய்ப் படம் அச்சாகி வருவது 2016இலிருந்து நடக்கிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பீடியை உருவுகிறார்கள். அப்படியானால் விடும் விருப்பத்தை எது தீர்மானிக்கிறது? வயதா, பணமா, நோயா, வீட்டாரா? தளத்தில் பிடிப்பவர்களுக்குக் கூலியில் 100 ரூபாய் பிடித்தம் செய்யலாம் என்று ஒப்பந்தக்காரர் யோசனை சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முன்னாள்_கொத்தனார்:

ஐயா, 27 ஆண்டுகள் கரண்டி பிடித்தவன் நான். நாளொன்றுக்கு ஒன்றரைக் கட்டுப் பீடி குடித்தவன். விட்டு 9 ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் கூட்டத்தில் தலையாட்டியவர்களை எனக்கு நன்றாகவே தெரியும், ஏனெனில் நானும் அப்படித் தலையாட்டியிருக்கிறேன்.

பீடி என்பது எங்களுக்குப் புகை மட்டும் அன்று. அது உட்காருவதற்கான அனுமதி. சாரத்திலிருந்து இறங்கிச் சும்மா உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் மேஸ்திரி ஒரு பாண்டுக் கலவையைத் தூக்கச் சொல்வார். அவனே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது முடியும்வரை எதுவும் சொல்ல மாட்டார். எங்கள் குழுவில் பீடி பிடிக்காத பையன் ஒருவன் இருந்தான். நாங்கள் உட்காரும்போதெல்லாம் தண்ணீர் எடுத்துவர அவனைத்தான் அனுப்புவார்கள். ஆறு மாதத்தில் அவனும் சுவரோரம் வந்து உட்கார்ந்துவிட்டான். ஆகவே ஒருவனைப் பீடியை விடச் சொல்வது அவனுக்கு இருக்கும் ஒரே ஓய்வையும் விடச் சொல்வதாக அவன் காதில் விழுகிறது.

இன்னொன்று பசி. காலையில் கஞ்சியோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டு வந்தால் மதியம் ஒரு மணிவரை வேறொன்றும் கிடையாது. பத்தரை மணிக்கு வயிறு கிள்ளும்போது ஒரு தேநீரும் இரண்டு பீடியும் அதை அடக்கிவிடும். மூன்றாவதைச் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: காலையில் பீடி பிடிக்காவிட்டால் வெளிக்குப் போகாது என்று எங்களில் பெரும்பாலோர் நம்புகிறோம். ஆறு மணிக்குக் கிளம்பி, கழிப்பறை சரியாக இல்லாத இடத்துக்கு வேலைக்குப் போகிறவனுக்கு இது சின்ன விஷயமா என்று நீங்களே சொல்லுங்கள். கூட்டம் போட்டுப் பேசுகிறவர் யாரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் விட்ட கதையையும் சொல்கிறேன், அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. நான்கு முறை விட்டு நான்கு முறையும் திரும்பினேன். இரண்டு முறை சனிக்கிழமைக் கூலி வாங்கிய இரவில், குடிக்கும் இடத்தில். பிறகு நோயாளிகள் இருக்கும்போதே ஒரு மருத்துவமனையின் ஆறாம் மாடியில் ஓடு பதிக்கும் வேலை வந்தது. வளாகத்துக்குள் எங்கும் பற்றவைக்கக் கூடாது. ஒவ்வொரு பீடிக்கும் ஆறு மாடி இறங்கி, வாசலைத் தாண்டிப் போய்த் திரும்ப ஏற வேண்டும். இரண்டு மாதத்தில் முப்பத்தைந்து பீடி எட்டாகிவிட்டது, விட வேண்டும் என்று நினைக்காமலே. அந்த வேளையில் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்க வேண்டி வந்தது. புண் ஆறும்வரை மூன்று நாள் பீடி தொடக் கூடாது என்றார் மருத்துவர். அந்த மூன்று நாளும் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாவற்றையும் பல் வலியின் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன். நான்காம் நாள்தான், இத்தனை நாள் தள்ளிவிட்டோமே என்ற எண்ணம் வந்தது. எனக்கு விருப்பம் முன்னால் வரவில்லை, ஐயா. மூன்று நாள் கழித்துப் பின்னால் வந்தது.

ஒரேசொல்:

இத்தனை காரணங்களை அடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. என் தந்தை அரிசி மண்டியில் மூட்டை சுமந்தவர். ஒரு நாள் காலை சுருட்டைத் தூக்கி எறிந்தார். மறுபடி தொடவே இல்லை. மனவுறுதி உள்ளவன் விடுவான், இல்லாதவன் காரணம் தேடுவான்.

பல்மருத்துவர்_மதுரை:

உங்கள் தந்தையாரை மதிக்கிறேன். ஆனால் எந்த உதவியும் இல்லாமல் தாமாகவே விட முயலும் நூறு பேரில், ஆறு மாதமோ ஓராண்டோ கழித்தும் விட்ட நிலையிலேயே இருப்பவர்கள் மூன்று முதல் ஐந்து பேர்தான் என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. அவர்களுடைய கதை வீட்டில் தலைமுறைக்கும் சொல்லப்படுகிறது. மற்றத் தொண்ணூற்றைந்து பேரின் கதையைச் சொல்வதற்கு ஆள் இல்லை.

கேள்வி கேட்டவருக்கு: விருப்பம் இல்லாதவர், விருப்பம் இருந்தும் துணிவு இல்லாதவர் ஆகிய இருவரையும் நாம் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுகிறோம். 2016-17இல் நடந்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின் இந்திய அறிக்கையில், புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினரும், மெல்லவோ அடக்கவோ செய்பவர்களில் 49.6 விழுக்காட்டினரும் விடத் திட்டமிட்டோ, விடுவதைப் பற்றி எண்ணிக்கொண்டோ இருப்பதாகக் கூறினார்கள். எல்லாத் தொழிலினரையும் சேர்த்த கணக்கு இது என்றாலும், உங்கள் சுவரோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் கணிசமானவர்கள் இந்த வகையினராகவே இருப்பார்கள் என்பது என் நாற்காலியில் வந்து உட்காரும் கூலித் தொழிலாளர்களைப் பார்த்து நான் அறிந்தது. "விட மாட்டேன்" என்று சொல்பவரிடம் "இதற்கு முன் எத்தனை முறை விட்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் எண்ணிக்கை வரும். தோற்றவர் மறுபடி தோற்பதைப் பிறர் முன்னிலையில் செய்ய விரும்புவதில்லை. எனவே விருப்பமே இல்லாதவரைப் போலப் பேசிவிடுகிறார். கூட்டத்தில் வைத்துக் கேட்டால் இந்தப் பதில்தான் கிடைக்கும். தனியாகக் கேளுங்கள்.

படத்துக்குப் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே கணக்கெடுப்பில், பீடி பிடிப்பவர்களில் 53.8 விழுக்காட்டினர் கட்டின் மேலுள்ள எச்சரிக்கையைப் பார்த்து விடுவது பற்றி நினைத்ததாகக் கூறினார்கள். நினைப்பைத் தூண்டும் அளவுக்கு அதற்கு வலிமை உண்டு. அதற்கு மேல் கைபிடித்து அழைத்துச் செல்ல ஆள் வேண்டும். சிகரெட்டைச் சில்லறையாக வாங்குபவரோ அட்டையையே பார்ப்பதில்லை.

நான் கண்ட அளவில், நுரையீரல் படத்தைவிடக் கண்ணாடியும் டார்ச்சும் வலிமையானவை. ஹான்ஸ் அடக்கும் இடத்தில் உதட்டின் உட்புறம் வெளுத்துச் சுருங்கியிருப்பதை அவர்களே பார்க்கும்படி காட்டுவேன். பாக்கும் புகையிலையும் கலந்த குட்காவோ மாவாவோ போடுபவரிடம், வாயைத் திறந்து நடுவிரல்கள் மூன்றைச் செங்குத்தாக நுழைக்கச் சொல்வேன். அது முடியாதபோது, நான் ஒரு சொல்லும் சொல்லாமலே முகம் மாறும். பாக்கினால் வாயின் உட்புறச் சவ்வுக்கு அடியில் நார் கட்டிக்கொள்ளும் நோய் அது. வந்த இறுக்கம் முழுவதும் திரும்பாது, நிறுத்தினால் மேலும் இறுகாமல் காக்கலாம். அச்சுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கோ யாருக்கோ வரும் நோயைவிடத் தன் வாயில் தானே காணும் மாற்றம் மனத்தை அசைக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

முன்னாள் கொத்தனார் ஐயா சொன்ன மலச்சிக்கல் வெறும் நம்பிக்கை அன்று. நிகோட்டின் குடலின் அசைவைத் தூண்டும். நிறுத்தினால் சில வாரங்கள் சிக்கல் இருப்பது அறியப்பட்ட விளைவுதான். அதை முன்கூட்டியே சொல்லி, கீரையும் பழமும் நிறையத் தண்ணீரும் சேர்த்துக்கொள்ளச் செய்தால், அதன் பொருட்டுத் திரும்புபவர்கள் குறைவார்கள். இருமலும் அப்படித்தான். புகை, மூச்சுக்குழாயில் தூசியை வெளியே தள்ளும் நுண்மயிர்களை முடக்கிவைக்கிறது. விட்ட பிறகு அவை மீண்டும் வேலை செய்யத் தொடங்கும்போது சிலருக்குச் சில நாள் இருமலும் சளியும் கூடும். சிமென்ட் தூசியில் நிற்பவர் இதைப் பார்த்து, "பீடி இருந்தவரை சளி கட்டவில்லை" என்று முடிவு செய்து மறுபடி பற்றவைக்கிறார். எரிச்சலும் ஏக்கமும் முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்தில் இருந்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணியும் என்பதைத் தெரிந்து வைத்திருப்பவர் தாங்கிக்கொள்கிறார். தெரியாதவர், வாழ்நாள் முழுவதும் இப்படியே இருக்கும் என்று அஞ்சுகிறார்.

எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் பீடி என்று கேளுங்கள். அரைமணி நேரத்துக்குள் என்றால் பிணைப்பு வலுவானது. அவரை அறிவுரையோடு மட்டும் அனுப்பக் கூடாது. 2 மில்லிகிராம் நிகோட்டின் சூயிங்கம் மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும். 4 மில்லிகிராமுக்குச் சீட்டு வேண்டும். இதயநோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். அதைச் சாதாரண மிட்டாய்போல் மென்றால் விக்கலும் வயிற்றெரிச்சலும்தான் வரும். காரம் தட்டும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். தேநீர் குடித்து 15 நிமிடம் ஆன பிறகே வாயில் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உட்செல்லாது. தேநீரும் பீடியும் ஒன்றாகவே பழகியவர்களுக்கு இந்த ஒரு குறிப்பைச் சொல்லாமல் விடுவதால், "கம் வேலை செய்யவில்லை" என்று திரும்புபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

ஐம்பது வயதுக்காரர்கள் "இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது" என்பார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களை 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், சிகரெட் புகைப்பவர் சராசரியாக இழக்கும் 10 ஆண்டுகளில், 50 வயதில் விட்டவருக்கு 6 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. ஆனால் உண்மையைச் சொன்னால், ஆயுள் கணக்கு என் நோயாளிகளிடம் அவ்வளவாக எடுபடுவதில்லை. விட்ட ஒன்றிரண்டு நாளிலேயே இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இறங்கிவிடும் என்பதையும், போகப்போக மூன்றாம் மாடி ஏறும்போது மூச்சு முட்டுவது குறையும் என்பதையும் சொன்னால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். உடம்புதான் அவர்களுக்கு முதல்.

வாரியப்பணி_அக்கா:

நலவாரியப் பதிவுக்காகக் கட்டடத் தொழிலாளர்களுடன் நெடுங்காலமாக அலைபவள் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

கூலிப் பிடித்தம் வேண்டாம். பொது இடத்தில் புகைப்பவருக்கு 200 ரூபாய் வரை அபராதம் விதிக்க 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. அதை விதிப்பதற்கு அதிகாரம் பெற்ற அலுவலர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் கூலியில் கை வைப்பது முற்றிலும் வேறு செயல். அப்படிச் செய்தால் தொழிலாளி பீடியை விட மாட்டார், ஒளிந்து பிடிப்பார். கம்பிக்கட்டுக்குப் பின்னாலும் லிஃப்ட் குழியோரத்திலும் ஒளிந்து பிடிப்பதால் வரும் ஆபத்தைப் பாதுகாப்பு மேற்பார்வையாளரான உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஒளிவு என்ன செய்யும் என்பதை ஹான்ஸ் விஷயத்தில் பார்த்துவிட்டோம். மெல்லும் புகையிலைக்கும் குட்காவுக்கும் தமிழ்நாட்டில் 2013இலிருந்து தடை இருக்கிறது. பொட்டலம் கடையின் முன்னாலிருந்து மேசைக்கு அடியில் போயிற்று, விலை ஏறியது. அதனால் குறைத்துக்கொண்டவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் தடை செய்யப்பட்ட பொருளைப் போடுகிறேன் என்று செவிலியரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். கேட்காத மருத்துவரிடம் அவர்களாகச் சொல்வதும் இல்லை. முன்பு சொன்ன அதே கணக்கெடுப்பில், மருத்துவம் பார்க்கச் சென்ற புகைப்பவர்களில் 48.8 விழுக்காட்டினருக்கு விடும்படி அறிவுரை கிடைத்திருக்கிறது; புகையில்லாப் புகையிலை போடுபவர்களில் 31.7 விழுக்காட்டினருக்கே கிடைத்திருக்கிறது.

பெண்களை நீங்கள் கேள்வியிலேயே விட்டுவிட்டீர்கள். சித்தாள் வேலைக்கு வரும் அக்காமார்கள் சுருக்குப் பையில் வெற்றிலையோடு வைத்திருக்கும் புகையிலைத் துண்டும் புகையிலைதான். பல்வலிக்கென்று தொடங்கி இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன என்பார்கள். தாம்பூலத்தில் சேர்ந்துவிட்டதால் அதை யாரும் கெட்டபழக்கமாகக் கணக்கில் எடுப்பதில்லை. கேட்பாரும் இல்லை, விடச் சொல்வாரும் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் காலத்தில் சொன்னால் கேட்கிறார்கள் என்பது நான் கண்டது.

பணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பீடிக்குப் பணக்கணக்கு எளிதில் உறைக்காது. பீடி பிடிப்பவரின் சராசரி மாதச் செலவு 2016-17இல் 284 ரூபாயாகத்தான் இருந்தது; சிகரெட்டுக்கு அது 1,192 ரூபாய். தினம் பத்து ரூபாயாகப் போவது போவதாகவே தெரியாது. ஆனால் கூலி கைக்கு வரும் சனிக்கிழமை மாலை, தேநீர்க்கடைப் பற்றுநோட்டைப் பிரித்து, அதில் பீடி எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கச் சொன்னதும் இரண்டு பேர் வாயடைத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். (அவர்களில் ஒருவர் மறுவாரத்திலிருந்து ரொக்கமாக வாங்கத் தொடங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

வடமாநிலத் தம்பிகளுக்குத் தமிழில் பேசிப் பயனில்லை. பொட்டலங்களின் மேலேயே அச்சிடப்பட்டுள்ள 1800-11-2356 என்பது கட்டணமில்லா அரசு எண், இந்தியிலும் பேசலாம். அந்த எண்ணை 2018 முதல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தும் பலர் அழைக்காததற்குக் காரணம், அழைத்தால் யாரோ திட்டுவார்கள் என்ற எண்ணம். ஒருமுறை நீங்களே ஒலிபெருக்கியில் போட்டுப் பேசிக் காட்டுங்கள்.

தளப்பொறுப்பாளர்_கோவை:

எல்லோருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்த பிறகு, அந்தக் கம்பி கட்டும் இருவரையும் மதியச் சாப்பாட்டின்போது தனித்தனியாகக் கேட்டேன். முதலில் விட்டது அவர்கள் அல்லர், அவர்களுடைய மேஸ்திரி என்று தெரிய வந்தது.

மேஸ்திரிக்கு இரத்த அழுத்தம் உண்டு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் பெண் ஒவ்வொரு மாதமும் "பீடி எத்தனையாயிற்று அண்ணா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவாராம். திட்டியதில்லை, படம் காட்டியதில்லை. ஏழெட்டு மாதம் பொய்யான எண்ணிக்கை சொல்லிச் சலித்து, ஒரு நாள் நிறுத்திவிட்டார். குழுவின் தீப்பெட்டி எப்போதும் மேஸ்திரியின் பையில்தான் இருக்கும். அவர் தீப்பெட்டி கொண்டுவருவதை நிறுத்தியதும், இவர்கள் ஒவ்வொரு முறையும் வேறு குழுவிடம் போய் நெருப்புக் கேட்க வேண்டியதாயிற்று. அந்தக் கூச்சத்தில் குறைந்து, பிறகு ஒருவர் விட, ஒரே அறையில் தங்கும் மற்றவரும் விட்டிருக்கிறார். கேட்டபோது சிரித்ததற்குக் காரணம், தங்களிடம் சொல்லிக்கொள்ளத்தக்க காரணம் ஒன்றும் இல்லை என்று அவர்கள் நினைத்ததுதான்.

கூலிப் பிடித்தம் வேண்டாம் என்று ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன், முனகினார், ஒப்புக்கொண்டார். திங்கள் முதல் பத்தரைக்கும் மூன்றரைக்கும் பீடி பிடிப்பவர், பிடிக்காதவர் எல்லோருக்கும் பதினைந்து நிமிடம் ஓய்வு. காலை ஓய்வில் தேநீரோடு வாழைப்பழமோ சுண்டலோ தர அனுமதி வாங்கியிருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு மேஸ்திரிகள் ஆறு பேரை மட்டும் அழைக்கிறேன். வாய்ப் பரிசோதனைக்குப் பக்கத்து அரசு மருத்துவமனையில் நாள் கேட்டிருக்கிறேன், சித்தாள்களையும் சேர்த்துத்தான். இதில் வேறு ஏதேனும் விட்டுப்போயிருந்தால் சொல்லுங்கள்.

முன்னாள்_கொத்தனார்:

ஒன்று மட்டும், ஐயா. வாழைப்பழத்தைத் தேநீருக்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். தேநீர் உள்ளே போய்விட்டால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்விடும். அதன் பிறகு பழத்தை வீட்டுப் பிள்ளைக்கென்று முடிந்து வைத்துக்கொள்வார்கள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன்.